வியாசரும் எழுத்தரும்: அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுடனான கூட்டுப்படைப்பில் ஆசிரியத்துவம் – ‘கணேஷ் வெர்சஸ் த தேர்ட் ரைக்’ நாடகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளான வயதுவந்தோரும் பிற கலைஞர்களும் இணைந்து உருவாக்கும் படைப்புகள் கடந்த சில பத்தாண்டுகளில் உலக அரங்கின் மையத்துக்கு வந்துள்ளன. இவற்றை மதிப்பிடும் திறனாய்வு இரக்கத்துக்கும் ஐயத்துக்கும் இடையே தடுமாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பேக் டு பேக் தியேட்டர் குழு 2011ஆம் ஆண்டு அரங்கேற்றிய ‘கணேஷ் வெர்சஸ் த தேர்ட் ரைக்’ நாடகத்தை மையமாகக் கொண்டு, கூட்டுப்படைப்பில் முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே நிலைகொள்கிறது, அது படைப்புக்குள் எவ்வாறு வெளிப்படுகிறது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அதிகாரத்தை மேடையேற்றுவது மட்டும் அதிகாரத்தைப் பகிர்வதாகாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கூட்டுப்படைப்பு, ஆசிரியத்துவம், அறிவுசார் மாற்றுத்திறன், பேக் டு பேக் தியேட்டர், ஜெரோம் பெல், விநாயகர், ஒப்புதல்

முன்னுரை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, கலைத்திறனை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பை ஓர் உரிமையாக வரையறுக்கிறது. அவ்வாய்ப்பு அவர்களது நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகத்தை வளப்படுத்துவதற்காகவும் தேவை என்பது அதன் கருத்து. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோருக்கான ஆதரவை அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆயின், சட்டம் வாய்ப்பைப் பற்றிப் பேசலாமே அன்றிப் படைப்பைப் பற்றிப் பேச இயலாது. உருவான படைப்பு நல்லதா, அது யாருடையது என்னும் வினாக்கள் திறனாய்வுக்கு உரியவை.

இவ்வினாக்களைத் திறனாய்வு பெரும்பாலும் தவிர்த்தே வந்துள்ளது. அறிவுசார் மாற்றுத்திறனாளி ஒருவர் மேடையேறினால் விமர்சகர் இரண்டு எளிய வழிகளுள் ஒன்றைத் தேர்கிறார். ஒன்று, மேடையேறியதையே சாதனையெனப் பாராட்டி மதிப்பீட்டைக் கைவிடுவது. மற்றொன்று, பின்னால் நிற்கும் இயக்குநரே உண்மையான படைப்பாளி என்று கருதி நடிகரை அவரது கைப்பொருளாகக் காண்பது. இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் அவற்றின் அடிப்படை ஒன்றே: மாற்றுத்திறனாளியால் கலைசார்ந்த முடிவொன்றை எடுக்க இயலாது என்னும் முற்கோள். அம்முற்கோளை ஒரு நாடகத்தின் வழியே சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரிடுதல்

தமிழில் இப்பொருள் பற்றி எழுதப்புகும் எவரும் முதலில் சொல்லின் சிக்கலை எதிர்கொள்கின்றனர். புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்ணும் எட்டுவகை எச்சங்களுள் ‘மருள்’ என்பதும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்னும் தொடர் அரசு ஆவணங்களிலும் பள்ளிப் பெயர்ப்பலகைகளிலும் இடம்பெற்றது. தமிழக அரசு 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்பதை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. இச்சொற்களுக்கிடையே மதிப்பில் பெருத்த வேறுபாடு உண்டு. எனினும் இவை அனைத்தும், யாரைக் குறிக்கின்றனவோ அவர்களால் இடப்பட்டவை அல்ல என்பதில் ஒத்துள்ளன.

பேக் டு பேக் தியேட்டர் குழு இச்சிக்கலை நுட்பமாகக் கையாள்கிறது. அது தன் நடிகர்களைக் குறிக்கும்போது, அறிவுசார் குறைபாடு உடையவராகப் ‘பார்க்கப்படுபவர்கள்’ என்னும் பொருள்படும் தொடரைப் பயன்படுத்தி வந்துள்ளது. குறைபாடு நடிகரின் உடலிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு இடம்பெயர்கிறது. 2019இல் அரங்கேறிய ‘த ஷேடோ ஹூஸ் ப்ரே த ஹன்டர் பிகம்ஸ்’ நாடகத்தில் இது வெளிப்படையான விவாதமாகிறது. தங்களை எச்சொல்லால் குறிப்பது என்று நடிகர்கள் தமக்குள்ளேயே முரண்படுகின்றனர். அவர்களது பேச்சு மேலே உள்ள திரையில் எழுத்தாக ஓடுகிறது. அதை அவமதிப்பாகக் கருதும் எதிர்ப்பும் மேடையிலேயே எழுகிறது. தாம் பேசுவது விளங்காது என்று யார் முடிவு செய்தது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். பெயரிடுதலும் பெயர்த்தெழுதுதலும் அதிகாரச் செயல்கள் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. ‘கணேஷ்’ நாடகத்தைப் புரிந்துகொள்ள இவ்வுணர்வு இன்றியமையாதது.

2. கட்டளையைக் காட்டும் முறை: ஜெரோம் பெல்

ஒப்பீட்டுக்காக மற்றொரு படைப்பை முதலில் காண்போம். சூரிக் நகரின் தியேட்டர் ஹோரா 1993இல் தொடங்கப்பட்ட தொழில்முறைக் குழு. பிரெஞ்சு நடன அமைப்பாளர் ஜெரோம் பெல் அக்குழுவின் நடிகர்களுடன் 2012இல் ‘டிஸேபிள்டு தியேட்டர்’ என்னும் நிகழ்வை உருவாக்கினார். அதன் அமைப்பு மிக எளியது. மேடையின் ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்ந்து, பெல் நடிகர்களுக்கு இட்ட பணிகளை ஒவ்வொன்றாக அறிவிக்கிறார். ஒரு நிமிடம் மேடையில் நில்லுங்கள்; பெயர், வயது, தொழில் ஆகியவற்றைச் சொல்லுங்கள்; உங்கள் குறைபாட்டைச் சொல்லுங்கள்; நீங்களே தேர்ந்த இசைக்கு ஆடுங்கள்; இந்நிகழ்வைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கூறுங்கள். நடிகர்கள் உருவாக்கிய நடனங்களுள் ஏழினை மட்டுமே பெல் தேர்ந்தார் என்பதும் அறிவிக்கப்படுகிறது. தேர்வாகாதவர்கள் அதைப் பற்றிக் கருத்துரைத்த பின்னர் அவர்களது நடனங்களும் இடம்பெறுகின்றன.

இந்நிகழ்வின் வலிமை அதன் நேர்மையில் உள்ளது. கட்டளையிடுபவர் ஒருவர் உண்டு, தேர்வு செய்பவரும் அவரே, அது மறைக்கப்படவில்லை. தொழில் என்ன என்னும் வினாவுக்கு நடிகர்கள் ஒவ்வொருவரும் ‘நடிகர்’ என்று விடையளிக்கும் தருணம் பார்வையாளரின் முற்கோளை உடைக்கிறது. தம் வீட்டார் ஒருவருக்கு இது விநோதக் காட்சியைப் போலப் பட்டது, எனினும் பிடித்திருந்தது என்று நடிகர் ஒருவர் மேடையிலேயே தெரிவிக்கும்போது, விமர்சகர் எழுப்பவேண்டிய ஐயத்தைப் படைப்பே முந்திக்கொண்டு எழுப்பிவிடுகிறது.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. பெல் மேடையில் இல்லை. அவரது கட்டளை கேட்கிறது. அவரது உடல் பார்வைக்கு உட்படவில்லை. தம் குறைபாட்டை அனைவர் முன்னும் அறிவிக்கவேண்டியவர்கள் நடிகர்களே. கேட்பவர் கேள்விக்கு அப்பாற்பட்டிருக்கிறார். 2013இல் பெர்லின் நாடக விழாவில் இந்நிகழ்வின் நடிகையருள் ஒருவரான ஜூலியா ஹாய்சர்மானுக்கு இளம் நடிகருக்கான ஆல்ஃபிரட் கெர் விருது வழங்கப்பட்டபோது, அவர் நடித்தாரா, தாமாகவே இருந்தாரா என்னும் விவாதம் எழுந்தது. இவ்விவாதம் விருது பெற்றவரைவிட நிகழ்வின் அமைப்பைப் பற்றியே மிகுதியும் கூறுகிறது. பணிகளை நிறைவேற்றுபவராக மட்டுமே நடிகர் காட்டப்படும்போது அவரது கலை கண்ணுக்குப் புலனாவதில்லை. பின்னாளில் ஹோரா குழு தன் நடிகர்களையே இயக்குநர்களாக்கிய நீண்டகாலத் திட்டத்தை மேற்கொண்டது இக்குறைக்கான விடையாகவே கொள்ளத்தக்கது.

3. ஒத்திகை அறை மேடையேறுதல்

பேக் டு பேக் தியேட்டர் 1987இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் தோன்றியது. புரூஸ் கிளாட்வின் 1999 முதல் அதன் கலை இயக்குநர். நடிகர்கள் ஊதியம் பெறும் தொழில்முறைக் கலைஞர்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் உரையாடல், நடிப்புச் சோதனை ஆகியவற்றிலிருந்து பிரதி உருவாகிறது. நடிகர்கள் பேசியவை பதிவாகி, எழுதப்பட்டு, சுருக்கப்பட்டு, மீண்டும் பேசப்படுகின்றன. படைப்பாளர் பட்டியலில் நடிகர்களின் பெயர்கள் இயக்குநரின் பெயருடன் சேர்ந்தே இடம்பெறுகின்றன. இக்குழுவுக்கு 2022இல் சர்வதேச இப்சன் விருதும் 2024இல் வெனிஸ் பினாலேயின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கமும் வழங்கப்பட்டன.

‘கணேஷ் வெர்சஸ் த தேர்ட் ரைக்’ இரு அடுக்குகளால் ஆனது. முதல் அடுக்கு ஒரு தொன்மப் பயணம். நாஜிகள் கவர்ந்துகொண்ட சுவஸ்திகத்தை மீட்க விநாயகர் ஜெர்மனிக்குச் செல்கிறார். ஒளிபுகும் நெகிழித் திரைகள் அடுக்கடுக்காக நகர, யானை முகமூடி அணிந்த உருவம் அவற்றினூடே நிழலும் ஒளியுமாகக் கடந்து செல்கிறது. இரண்டாம் அடுக்கு, இந்நாடகத்தையே உருவாக்க முயலும் குழுவொன்றின் ஒத்திகை அறை. இங்கு நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே தோன்றுகின்றனர்: பிரையன், ஸ்காட், சைமன், மார்க். இவர்களுடன் குறைபாடற்றவரான டேவிட் இயக்குநராக வருகிறார்.

தொன்ம அடுக்கின் அழகு பார்வையாளரை ஈர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒத்திகை அடுக்கு அதைக் குலைக்கிறது. இந்துக்கள் அல்லாத நாம் விநாயகரின் கதையைச் சொல்லலாமா, யூதர்களின் பேரழிவை நடிக்க நமக்கு என்ன உரிமை என்று நடிகர்கள் வாதிடுகின்றனர். அரங்கேற்றத்துக்கு முன்பே இந்நாடகத்துக்கு இந்து அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் மையவினாவை நாடகம் தன் உள்ளேயே கொண்டிருந்தது கவனிக்கத்தக்கது. இதனினும் கூர்மையான வினா மார்க்கைப் பற்றியது: அவரால் புனைவையும் நிஜத்தையும் வேறுபடுத்த இயலுமா? இயலாதெனில் அவரை மேடையேற்றுவது முறையா? இவ்வினாவை எழுப்புவோர் வெளியிலிருக்கும் அறவோர் அல்லர், உடன் நடிப்பவர்களே. மார்க்கோ அவ்விவாதம் நிகழும் அதே மேடையில் இருக்கிறார்.

டேவிட் முதலில் பொறுமையானவராகவும் ஊக்கமளிப்பவராகவும் தோன்றி, படிப்படியாக வன்முறையாளராக வெளிப்படுகிறார். காணவரும் பார்வையாளரின் கீழ்த்தரமான ஆவலைக் காலி இருக்கைகளை நோக்கி அவர் இழித்துரைக்கும்போது, உண்மையான பார்வையாளர் அவ்விருக்கைகளில்தான் அமர்ந்திருக்கின்றனர். இறுதிக் காட்சியில் பிறர் சென்றுவிட, டேவிட் மார்க்கைக் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு அழைக்கிறார். மார்க் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார். டேவிட் அவரைத் தேடாமலே வெளியேறுகிறார். யாரோ தம்மைத் தேடுகிறார் என்னும் நம்பிக்கையில் ஒளிந்திருக்கும் ஒருவரைப் பார்த்தபடி நாடகம் முடிகிறது. நடிகர் மார்க் டீன்ஸ் இக்காட்சியை எண்ணற்ற முறை பல நாடுகளில் நடித்தவர் என்பதை நினைவுகூர்ந்தால், அவருக்குப் புனைவு விளங்குமா என்னும் வினா பார்வையாளரை நோக்கியே திரும்பிவிடுகிறது. ஏமாற்றப்பட்டவராக நடித்தவர் அவர், ஏமாந்தவர் பார்வையாளர்.

4. தடையும் தலையும் எழுத்தும்

விநாயகரை இந்நாடகம் தேர்ந்ததன் பொருத்தம், அத்தொன்மத்தை அறிந்த வாசகருக்கே முழுமையாகப் புலப்படும். மூன்று கூறுகள் இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, தலை. தந்தையால் தலை துண்டிக்கப்பட்டு, வேற்றுத் தலை பொருத்தப்பட்டு உயிர்பெற்ற பிள்ளை அவர். இயல்பின் அளவுகோலுக்குள் அடங்காத அவ்வுடல் வழிபாட்டுக்கு உரியது. நாடகத்தில் அவ்வுடல் மெங்கலேயின் முன் நிற்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் இரட்டையர்களையும் குள்ள உருவினரையும் ஆய்வுப் பொருள்களாக்கிய மருத்துவர் அவர். ஒரே உடல் ஒரு மரபில் தெய்வமாகவும் மற்றொரு பார்வையில் மாதிரிப்பொருளாகவும் ஆகிறது. நாஜி அரசின் டி4 திட்டம் 1941 ஆகஸ்ட் வரை ஆறு மையங்களில் ஏறத்தாழ 70,000 மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயுவால் கொன்றது. அதன் பின்னரும் கொலைகள் வேறு வழிகளில் தொடர்ந்தன. அக்காலத்தில் வாழ்ந்திருந்தால் இம்மேடையில் நிற்போர் அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கக்கூடும். ஆகவே யூதர்களின் கதையைச் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டா என்னும் வினாவுக்கு வரலாறு ஒரு பகுதி விடையை வைத்திருக்கிறது. நாடகம் அதை முழங்குவதில்லை; நடிகர்களின் உடலிருப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, தடை. விக்கினேசுவரன் விக்கினங்களை நீக்குபவர் மட்டுமல்லர், வைப்பவரும் அவரே. குறைபாடு என்பது உடலில் இருப்பதன்று, சமூகம் வைக்கும் தடைகளின் விளைவு என்னும் இன்றைய கருத்தாக்கத்தோடு இது இயைகிறது. ஒத்திகை அறையில் டேவிட்டும் அவ்வாறே. கதவைத் திறப்பவரும் அடைப்பவரும் ஒருவராகவே இருப்பது கூட்டுப்படைப்பின் அடிப்படைச் சிக்கல்.

மூன்றாவது, எழுத்து. இக்கூறு நாடகத்தில் இல்லை. எனினும் நாடகத்தைப் படிக்க உதவும் திறவுகோல் இதுவே. வியாசர் சொல்ல விநாயகர் பாரதம் எழுதிய கதை யாவரும் அறிந்தது. பூனா செம்பதிப்பு இதை மூலத்தில் சேர்க்காது விலக்கியது. ஆயினும் மக்கள் நினைவிலிருந்து அது விலகவில்லை. அக்கதையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. சொல்பவர் இடையில் நிறுத்தலாகாது என்பது எழுத்தரின் நிபந்தனை. பொருள் உணராமல் எழுதலாகாது என்பது ஆசிரியரின் நிபந்தனை. இருவரும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துகின்றனர். எழுத்தருக்கு வேகத்தின் மீதும், ஆசிரியருக்குப் பொருளின் மீதும் உரிமை. இப்பரிமாற்றமே கூட்டுப்படைப்பின் இலக்கணம்.

பேக் டு பேக் குழுவில் சொல்பவர்கள் நடிகர்கள், எழுதுபவர் கிளாட்வின். வியாசரின் இடத்தில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் அமர்கின்றனர். ஆகவே ‘அவர்களுக்கு விளங்குமா’ என்னும் வழக்கமான வினா இடம் மாறவேண்டும். பொருளுணரும் கடமை எழுத்தருக்கு உரியது. நடிகர் சொன்னதை, அவர் தயங்கியதை, மறுத்ததை எழுதுபவர் உணர்ந்தாரா என்பதே கேட்கத்தக்க வினா.

5. நாடகத்தின் எல்லைகள்

இவ்வளவு வலிமையுடைய படைப்பும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. அதன் எல்லைகளைச் சுட்டாமல் விடுவதும் ஒருவகை இரக்கமே.

முதலில், டேவிட் என்னும் பாத்திரம் மிக எளிதில் வெறுக்கத்தக்கவராக அமைந்துள்ளார். கத்துபவரும் அடிப்பவருமான இயக்குநரை அடையாளம் காண எவருக்கும் சிரமமில்லை. கலைக்கூடங்களில் இயங்கும் அதிகாரம் பெரும்பாலும் மென்மையானது. எந்த ஓவியத்தை மாட்டுவது, எந்தச் சொல்லை நீக்குவது, எப்போது ஒத்திகையை முடிப்பது, யாரிடம் நிதி கேட்பது என்னும் முடிவுகள் அன்பான குரலில், பொறுமையுடன் எடுக்கப்படுகின்றன. அவ்வன்பின் அதிகாரத்தை இந்நாடகம் தொடுகிறது, தொடர்ந்து செல்லவில்லை. டேவிட் வன்முறையாளராக மாறும் கணத்தில் பார்வையாளர் தம்மை அவரிடமிருந்து பிரித்துக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. அந்த இடம் கிளாட்வினுக்கும் கிடைக்கிறது என்பதை மறுக்க இயலாது.

அடுத்து, தற்சோதனையே ஒரு கவசமாகிவிடும் இடர் உண்டு. எல்லா ஐயங்களையும் நாடகமே எழுப்பிவிட்டால் வெளியிலிருந்து எழுப்ப எதுவும் மிஞ்சாது. ஆனால் ஐயத்தை எழுப்புவது அதற்கு விடையளிப்பதாகாது. மார்க்கின் ஒப்புதல் பற்றிய வினாவை நாடகம் அபாரமான நாடகத் தருணமாக்குகிறது. அவ்வொப்புதல் எவ்வாறு பெறப்பட்டது என்பதை அது காட்டுவதில்லை.

மூன்றாவதாக, மேடையில் இருப்போர் அனைவரும் ஆண்கள். படைப்பாளர் பட்டியலில் சாரா மெயின்வேரிங், நிக்கி ஹாலண்ட் ஆகியோரின் பெயர்கள் உண்டு; மேடையில் அவர்கள் இல்லை. அதிகாரத்தை ஆராயும் நாடகம் இவ்விடைவெளியை ஆராயவில்லை. 2019ஆம் ஆண்டு நாடகத்தில் டேவிட்டைப் போன்ற குறைபாடற்ற பாத்திரம் நீக்கப்பட்டதும், சாரா மெயின்வேரிங் மேடையின் மையத்துக்கு வந்ததும் குழுவே தன் முந்தைய படைப்புக்கு எழுதிய விமர்சனமாகக் கொள்ளத்தக்கவை. அங்கு ஒடுக்குபவரைத் தேட வெளியே செல்லவேண்டியதில்லை. ஒருவர் மற்றொருவருக்காகப் பேச முற்படும் கணத்தில், நடிகர்களிடையிலேயே அதிகாரம் பிறக்கிறது.

6. சொல்லின்றி ஒப்புதல்

நாடகத்தில் நடிகருக்குப் பேச்சு உண்டு. பேச்சே அரிதான கலைஞரிடம் ஒப்புதலை எவ்வாறு அறிவது? காட்சிக்கலையிலிருந்து இரு சான்றுகளைக் குறிப்பிடலாம். அமெரிக்கச் சிற்பக் கலைஞர் ஜூடித் ஸ்காட் (1943–2005) டவுன் நோய்க்குறி உடையவர், காது கேளாதவர். ஏழாம் வயது முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் அரசுக் காப்பகங்களில் வாழ்ந்தவர். அவரது செவித்திறன் குறை நெடுங்காலம் அறியப்படாமலே போனது. அறிவுக்குறையாகவே அது கணிக்கப்பட்டது. இரட்டைச் சகோதரியின் முயற்சியால் 1987இல் ஓக்லாந்து நகரின் கிரியேட்டிவ் க்ரோத் கலைக்கூடத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட ஓவியப் பணிகளில் ஈடுபாடு காட்டவில்லை. நூலையும் துணியையும் கண்டபின், பொருள்களை அவற்றால் சுற்றிப் பொதிந்து சிற்பங்களாக்கினார். அந்த முதல் ஈடுபாடின்மையையும் கலை முடிவாகவே படிக்கவேண்டும். மறுக்க இயன்றவரின் ஏற்புக்கே மதிப்பு உண்டு.

இரண்டாவது சான்று, பிரித்தானியக் கலைஞர் நெனா கலு. துணி, ஒட்டுநாடா, ஒளிநாடா முதலியவற்றை அடுக்கடுக்காகச் சுற்றிப் பெருஞ்சிற்பங்களை உருவாக்குபவர். 1999 முதல் ஆக்‌ஷன்ஸ்பேஸ் அமைப்பின் துணையுடன் இயங்குபவர். 2025இல் டர்னர் பரிசு பெற்றதன் வழி, அப்பரிசைப் பெற்ற முதல் அறிவுசார் மாற்றுத்திறனாளியானார். விழா மேடையில் அவர் சார்பில் பேசியவர், நெடுங்காலம் அவருடன் பணியாற்றிய துணைக் கலைஞர். இங்கு எழுத்தரும் வியாசரும் அருகருகே நிற்கின்றனர். பரிசு யாருடையது என்பதில் குழப்பமில்லை. துணைநிற்றல் ஆசிரியத்துவத்தைக் குறைப்பதில்லை என்பதற்கு இது சான்று. எக்கலைஞரும் துணையின்றிப் படைப்பதில்லை. பதிப்பாசிரியர், ஒளிப்பதிவாளர், வார்ப்புக் கொல்லர் ஆகியோரின் துணை கண்ணுக்குப் படாததால் பிறரது ஆசிரியத்துவம் தனித்ததாகத் தோன்றுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து கூட்டுப்படைப்பை மதிப்பிடுவதற்குரிய மூன்று வினாக்களை வகுக்கலாம். முதலாவது, பங்கேற்பவருக்கு மறுக்கும் வழி இருந்ததா? இரண்டாவது, அவர் எடுத்த முடிவு படைப்பின் வடிவத்தை மாற்றியுள்ளதா, அத்தடம் படைப்பில் காணக்கிடைக்கிறதா? மூன்றாவது, பெயரும் ஊதியமும் அவரைச் சேர்கின்றனவா? ‘டிஸேபிள்டு தியேட்டர்’ கட்டளையை வெளிப்படையாக்கியது. கட்டளையிடுபவரைப் பார்வைக்கு வெளியே வைத்தது. ‘கணேஷ்’ அவரை மேடைக்கு இழுத்துவந்தது. ஆனால் அவரை எளிதில் வெறுக்கத்தக்கவராக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டு நாடகம் அவரை நீக்கிவிட்டு அதிகாரம் எஞ்சியிருப்பதைக் காட்டியது. இம்மூன்றையும் ஒரு வளர்ச்சிக் கோடாகக் காணலாம்.

இவ்வினாக்கள் விமர்சகருக்கும் பொருந்தும். மாற்றுத்திறனாளிக் கலைஞரின் படைப்பு பலவீனமாக இருந்தால் அதைப் பலவீனமானது என்று எழுதும் துணிவும், சிறந்ததாக இருந்தால் எந்தத் தேர்வால் சிறந்தது என்று காட்டும் உழைப்பும் திறனாய்வுக்கு வேண்டும். பொருளுணராமல் எழுதலாகாது என்னும் வியாசரின் நிபந்தனை விநாயகருக்கு மட்டும் இடப்பட்டதன்று. இப்படைப்புகளைப் பற்றி எழுத எழுதுகோல் எடுக்கும் ஒவ்வொருவரையும் அது கட்டுப்படுத்துகிறது.